மேல்மாடிக் கூட்டம்

அந்தப் பள்ளிக்கூடத்தில் மேல்மாடிக் கூட்டத்தைப் பிடிக்காதவர்களை எண்ணுவதைவிடப் பிடித்தவர்களை எண்ணுவது சுலபம். மூன்றே பேர். அந்த மூன்று பேரும் அந்தக் கூட்டத்தில் இருப்பவர்கள்தான். நான்காவதாக இருந்தவள் இறந்து ஏழு வாரம் ஆகியிருந்தது.

அவளுடைய அப்பாவுக்குக் கடைத்தெரு முனையில் மருந்துக்கடை. ஒரு வியாழக்கிழமை, காலை வியாபாரம் ஓய்ந்த பதினொரு மணிவாக்கில், பெற்றோர் சங்கச் செயலாளர் ஒரு தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அங்கே வந்தார். அவருக்கு இரண்டு கடை தள்ளி மெத்தை வியாபாரம். தினமும் பார்க்கிற முகம்தான். ஆனாலும் அன்றைக்குப் புது ஆள் மாதிரி வாசலில் நின்று செருமினார்.

“அண்ணே, ஒரு அஞ்சு நிமிஷம்.”

“உள்ள வாங்க. வயித்து எரிச்சல் மாத்திரை அதுக்குள்ள தீந்துபோச்சா?”

“மாத்திரைக்கு வரல. இது வேற.” தாளைப் பிரித்து மேசைக் கண்ணாடியின் மேல் வைத்து, சுருக்கத்தை உள்ளங்கையால் நீவினார். “எழுபத்திரண்டு கையெழுத்து வாங்கியாச்சு. எழுபத்தி மூணாவது உங்களோடது. நீங்க போடலைன்னா தலைமையாசிரியை இதை வாங்கி மேசை டிராயருக்குள்ள போட்டு மறந்துருவாங்க. நீங்க போட்டா அந்த ரூமுக்கு அன்னைக்கே பூட்டு. திங்கட்கிழமை சங்கக் கூட்டம், அதுக்குள்ள வேணும்.”

தாளில் மூன்றே வரி. மேல்மாடி அறையில் காலை ஆறு மணிக்குக் கூடும் மாணவர்கள் மற்ற மாணவர்களை அவமதிக்கிறார்கள். ஆசிரியர்களை எதிர்த்துப் பேசுகிறார்கள். அளவுக்கு மீறிப் படித்து ஒரு மாணவியின் உயிர் போன பிறகும் அந்தக் கூட்டம் நடப்பது முறையல்ல.

மருந்துக்கடைக்காரர் மூன்றாவது வரியை இரண்டு தடவை படித்தார். தாளை மடித்து வைத்துக்கொண்டு, “திங்கட்கிழமை வாங்க” என்றார்.

மேல்மாடிக் கூட்டம் என்ற பெயரை அவர்கள் வைத்துக்கொள்ளவில்லை. மற்ற பிள்ளைகள் வைத்தது. தலைநகரத்தில் ஒரு பெரிய அறிவியல் கல்லூரி இருந்தது. நாடு முழுவதிலுமிருந்து வருடத்துக்கு இருநூறு பேரைத்தான் எடுப்பார்கள். இந்தப் பள்ளியிலிருந்து அங்கே யாரும் போய்ப் பத்தொன்பது வருடம் ஆகிவிட்டது. பதினோராம் வகுப்பு தொடங்கிய வாரத்திலேயே நான்கு பேரும் தலைமையாசிரியையிடம் போய், நாங்கள் நான்கு பேரும் அங்கே போகப் போகிறோம், மேல்மாடியில் சும்மா கிடக்கிற அறையைக் காலையில் திறந்துவிடுங்கள் என்று கேட்டார்கள். வாயை மூடிக்கொண்டு படித்திருந்தால் யாருக்கும் ஒன்றும் வலித்திருக்காது. முதலிலேயே சொல்லிவிட்டார்கள். அது முதல் குற்றம்.

இரண்டாவது, அரையாண்டுத் தேர்வில் நடந்தது. பௌதிகத் தாளில் பதினோராவது கேள்விக்கு ஆசிரியர் வைத்திருந்த விடையே தப்பு என்று மருந்துக்கடைக்காரரின் மகள் எழுந்து நின்று சொன்னாள். ஆசிரியர் வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டுப் பார்த்து, மறுநாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து எல்லாருடைய மதிப்பெண்ணையும் திருத்தினார். ஒன்பது பேருக்கு ஏறியது. பதினாலு பேருக்கு இறங்கியது. ஏறிய ஒன்பது பேரும் அது தங்களுக்கு வரவேண்டியதுதான் என்று பேசாமல் இருந்துவிட்டார்கள். இறங்கிய பதினாலு பேரும் மறக்கவில்லை.

மூன்றாவது, மெத்தைக்கடைக்காரரின் மகள். கெட்டிக்காரப் பெண். எனக்கும் இடம் கொடுங்கள் என்று கேட்டு மேல்மாடிக்குப் போனாள். நாலே நாள். நாலாம் நாள் படியிறங்கி வரும்போது அழுதுகொண்டே வந்தாள். ‘நான் என்ன சொன்னாலும் புரியல, புரியலன்னு சொல்லிச் சொல்லியே கொல்றாங்க’ என்றாள். அதற்குப் பிறகு மெத்தைக்கடைக்காரரிடம் மேல்மாடி என்று யாராவது சொன்னால், “அவங்க நாலு பேருக்கு மட்டும்தான் மேல்மாடி இருக்கு, மத்தவங்களுக்கெல்லாம் காலி மனைன்னு நினைப்பு” என்பார்.

மருந்துக்கடைக்காரருக்கு இதெல்லாம் முன்பே தெரியும். மகள் உயிரோடு இருந்தபோது கேட்டுச் சிரித்திருக்கிறார். அவர் அந்தக் கூட்டத்தை வெறுக்கத் தொடங்கியது அவள் இறந்த மறுநாள்தான். அதற்குக் காரணம் வேறு.

அன்றைக்கு வீடு நிறைய ஆட்கள். காலை ஆறேகாலுக்குப் பள்ளிக்கூட மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தவள் சரிந்து விழுந்தாள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது என்பதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. வந்தவர்கள் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள், ஒன்றும் பேசாமல் போனார்கள். பதினொரு மணிக்கு அந்த மூன்று பேரும் வந்தார்கள். கண்ணாடி போட்ட பையன் ஒருவன், எதையும் யோசித்து யோசித்து இழுத்துப் பேசுவதால் ‘தாத்தா’ என்று பெயர். அவன் பக்கத்தில் உயரமாக ஒரு பெண், ‘நெட்டை’. இன்னொருத்தி ‘குருவி’, கீச்சுக் குரல். மூவருக்கும் கண் வீங்கியிருந்தது. தாத்தா கையில் நோட்டுப் புத்தகம்.

அவன் அவருக்கு முன்னால் வந்து நின்று, “அங்கிள், முந்தின நாள் ராத்திரி அவ என்ன சாப்பிட்டா? ஏதாவது மருந்து எடுத்தாளா?” என்று கேட்டான்.

கூடத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஓர் அத்தை, “ஏண்டா, இது என்ன பரீட்சை ஹாலா? போங்கடா வெளியில!” என்றாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் மருந்துக்கடைக்காரரே எழுந்து கத்திவிட்டார். “வெளிய போ! என் வீட்டு வாசல்ல இனிமே கால் வைக்காத!” அவர் அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. பெற்றவன் வயிறு எரிகிறது, கத்தாமல் என்ன செய்வான் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

அது வயிற்றெரிச்சல் இல்லை. பயம். அவள் இறப்பதற்கு முந்தின இரவு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. நாளைக்கு மாதிரித் தேர்வு, தூக்கம் வேண்டும் என்றாள். அவர்தான் ஒரு சளி மாத்திரையை இரண்டாக உடைத்து அரை மாத்திரை கொடுத்தார். இருபத்திரண்டு வருடமாகத் தினமும் பத்துப் பேருக்குக் கொடுக்கிற மாத்திரை. அதை மனைவியிடம்கூட அவர் சொல்லவில்லை. ஊரில் இத்தனை பேர் இருக்க, அந்த ஒரே கேள்வியைக் கேட்டது அந்தப் பையன்.

வியாழக்கிழமை மாலை வீட்டுக்குப் போனதும் தாளை மனைவியிடம் காட்டினார். அவள் தபால் நிலையத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

“என்ன சொல்ற?”

“நான் என்ன சொல்ல. அன்னைக்குக் காலையில ‘இன்னும் அஞ்சு நிமிஷம்மா’ன்னா. நான்தான் போர்வையை உருவி எழுப்பிவிட்டேன். அதுக்கும் ஒரு தாள் எழுதி எழுபத்திரண்டு கையெழுத்து வாங்கச் சொல்லுங்க.”

“ஏம்மா இப்படிப் பேசுற?”

“பின்ன எப்படிங்க பேசுறது?” அவள் கைப்பையை ஆணியில் மாட்டினாள். “நீங்க கையெழுத்துப் போடுங்க, போடாம போங்க. பூட்டுப் போடுறதுக்கு முன்னாடி அவ சாமானை எடுத்துட்டு வந்துருங்க. அந்தப் பச்சை ஸ்வெட்டர் அங்கதான் இருக்கு. ஒரு டம்ளரும் எடுத்துட்டுப் போனா.”

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு அவர் பள்ளிக்கூடத்துக்குப் போனார். காவலாளி அவரைப் பார்த்துப் பதறி எழுந்து கதவைத் திறந்துவிட்டார். மாடிப்படி குறுகல். சுவர்ப்பக்கம் பிள்ளைகளின் கை பட்டுப் பட்டு இடுப்பு உயரத்துக்கு ஒரு கறுப்புக்கோடு. எந்தப் படி என்று அவருக்குத் தெரியாது. அதனால் எல்லாப் படியிலும் ஒரே மாதிரி மெதுவாகக் கால் வைத்து ஏறினார்.

உள்ளே சண்டை நடக்கிற மாதிரி சத்தம்.

“புரியல.”

“இதுல என்னடா புரியல? ஏழு மணி நேரம் தூங்கியிருக்கா. கம்மியில்ல.”

“ஏழுன்னு யார் சொன்னா? அவ சொன்னதா, நீ நினைச்சதா?”

அவர் வாசலில் நின்றதும் மூன்று பேரும் எழுந்து நின்றார்கள். நாற்காலி ஒன்று பின்னால் சாய்ந்து விழுந்தது. யாரும் அதை எடுக்கவில்லை. அவர் பார்த்தது கரும்பலகையை. மேலே, ‘நாங்கள் காரணமா?’ என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தது. அதன் கீழே நான்கு கட்டம். மாடிப்படி. தூக்கம். காலைச் சாப்பாடு. நான்காவதில் ‘மருந்து’ என்று எழுதி ஒரு கேள்விக்குறி. முதல் மூன்று கட்டத்திலும் பொடி எழுத்தில் எழுதி, அழித்து, எழுதி, பலகையே வெளுத்துக் கிடந்தது. நான்காவதுக்குக் கீழே ஒன்றும் இல்லை.

“இது என்ன?” என்றார்.

தாத்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். “ஏழு வாரமா இதைத்தான் உடைக்கிறோம் அங்கிள். முடியல. எங்ககிட்ட விவரம் பத்தல.”

“உடைக்கிறதுன்னா?”

பதில் சொன்னது நெட்டை. ஒருவர் ஒரு விடை சொல்ல வேண்டும். மற்றவர்கள் ‘புரியல’ என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். உண்மையாகவே இனிமேல் ‘புரியல’ என்று சொல்ல முடியாது என்கிற கட்டம் வந்தால்தான் அந்த விடை நோட்டில் ஏறும். விடை சொன்னவருக்குக் கோபம் வரக்கூடாது. “உளி கொண்டுவந்த ரூல் அங்கிள் இது. ஸாரி. அவளை நாங்க உளின்னுதான் கூப்பிடுவோம்.”

“உளியா?”

“எதைக் கொடுத்தாலும் செதுக்கிக்கிட்டே இருப்பா. உங்க கடையில பாத்துக் கத்துக்கிட்டதா சொன்னா. மருந்தை எடுத்தவங்களே கொடுக்கக்கூடாது, இன்னொருத்தர் சீட்டை வாங்கி முதல்ல இருந்து படிச்சுப் பாக்கணும்னு நீங்க வச்சிருக்கீங்களாமே.”

இருந்தது. கடையில் அவரும் உதவிக்கு இருக்கிற அம்மாளும் மட்டும்தான். யார் எடுத்தாலும் மற்றவர் ஒரு தடவை சரிபார்த்த பிறகுதான் பை கைமாறும். அவசரக்காரர்கள் திட்டுவார்கள். மகள் பள்ளிவிட்டு வந்து கல்லாவுக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். இதையெல்லாம் கவனிக்கிறாள் என்று அவர் நினைத்ததில்லை.

அவர் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். “மெத்தைக்கடைக்காரர் பொண்ணையும் இப்படித்தான் உடைச்சீங்களா?”

“ஆமா” என்றாள் குருவி, பெருமையாக. “நாலு நாள்! அவ விடை அவ்வளவு நல்லா இருந்துச்சு. மட்டமான விடையா இருந்தா பத்து நிமிஷத்துல விட்டிருப்போம்.”

“அந்தப் பொண்ணு அழுதுச்சே.”

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “உளிகூட அழுவா அங்கிள்” என்றான் தாத்தா. “அழுதுட்டு மூக்கைச் சிந்திட்டு, ‘சரி, அடுத்தது’ம்பா. அதனால அவளும் வருவான்னுதான் நினைச்சோம். வரல. ஏன்னு இன்னும் புரியல.”

கிண்டல் செய்கிறானா என்று அவன் முகத்தை அவர் பார்த்தார். இல்லை. உண்மையாகவே புரியவில்லை.

“பௌதிகத் தேர்வுல பதினாலு பேருக்கு மார்க்கு குறைஞ்சுது. ஊரெல்லாம் உங்களைத் திட்டுது.”

“பதினாலுல உளியும் ஒருத்தி” என்றாள் நெட்டை. “அவளுக்கே நாலு மார்க்கு போச்சு. எனக்கு ரெண்டு.”

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போட்டவர் அவர். நாலு மதிப்பெண் குறைந்ததற்கு ஏதோ கவனக்குறைவு என்று ஒரு வார்த்தை கடிந்துகூடப் பேசியிருந்தார். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். “இதை ஏன் ஒருத்தர்கிட்டயும் சொல்லல?”

“யாரும் கேக்கலையே அங்கிள்.”

சுத்த அசடுகள் என்று அவருக்குத் தோன்றியது. இத்தனை படிப்பு படித்து, ஒரு மனிதனிடம் எதை எப்போது சொல்ல வேண்டும் என்ற ஒன்று மட்டும் இவர்கள் மண்டையில் ஏறவே இல்லை. அழ வேண்டிய வீட்டுக்கு நோட்டுப் புத்தகத்தோடு வருகிறார்கள். பாராட்ட வேண்டிய பெண்ணை நாலு நாள் நார் நாராகக் கிழிக்கிறார்கள். அடிக்கடி அவருக்கும் மகளுக்கும் நடந்த சண்டைகூட இதுதான்.

“அன்னைக்கு வீட்டுல வந்து அந்தக் கேள்வியை ஏன் கேட்டீங்க?”

தாத்தா வாயைத் திறப்பதற்குள் குருவி பேசினாள். கீச்சுக் குரல் உடைந்திருந்தது. “நான்தான் காரணம்னு நினைக்கிறேன் அங்கிள். நான்தான் மேல இருந்து, ‘சீக்கிரம் வாடி உளி, மணி ஆச்சு’ன்னு கத்தினேன். அவ ரெண்டு ரெண்டு படியா ஏறினா. பதினோராவது படி. எனக்கு அவ தலைதான் தெரிஞ்சுது. சிரிச்சா. அப்புறம்...” கரும்பலகையின் முதல் கட்டத்தைக் காட்டினாள். “அது என்னோடது.”

“தூக்கம் என்னோடது” என்றான் தாத்தா. “மாதிரித் தேர்வை முன்னாடியே கொண்டுவந்தது நான்.”

“நான் அவ ரொட்டியைத் தினமும் புடுங்கித் தின்னுருவேன்” என்றாள் நெட்டை.

கீழே காவலாளி விளக்குமாறு போடும் சத்தம் கேட்டது. பச்சை ஸ்வெட்டர் ஜன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. இதற்குள் எழுந்து அதை எடுத்துக்கொண்டு அவர் போயிருக்கலாம். சட்டைப்பையில் தாள் இருந்தது, பேனாவும் இருந்தது. இந்த மூன்று பிள்ளைகள் மேல் பழியைப் போடுவது எவ்வளவு சுலபம்! அவர்களே எழுதிவைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள்.

“நாலாவதுக்குக் கீழ எழுதிக்கங்க” என்றார். “சளி மாத்திரை. நான் கொடுத்தேன்.”

யாரும் ஐயோ என்று சொல்லவில்லை. யாரும் அவர் தோளைத் தொடவில்லை. தாத்தா சாக்கட்டியை எடுத்தான்.

“எத்தனை மணிக்கு அங்கிள்?”

“ராத்திரி ஒன்பதரை.”

“முழுசா?”

“அரை.”

எழுதினான். எழுதிவிட்டுத் திரும்பினான். “எனக்குப் புரியல. நீங்க மருந்துக்கடை. அந்த மாத்திரை இதயத்துக்கு எதாவது செய்யுமா செய்யாதான்னு உங்களுக்குத் தெரியணுமே.”

“தெரியும். அரை மாத்திரை ஒண்ணும் செய்யாது.”

“அப்புறம் ஏன் எழுதச் சொல்றீங்க?”

“செய்யாதுன்னு படிச்சிருக்கேன். என் பொண்ணு விஷயத்துல எனக்கு நம்பிக்கை வரல.”

“டாக்டர்கிட்ட கேட்டீங்களா?” என்றாள் நெட்டை.

“இல்ல.”

“ஏன்?”

“ஆமான்னு சொல்லிட்டா?”

அந்த விடைக்கு மட்டும் யாரும் ‘புரியல’ என்று சொல்லவில்லை. குருவி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “ஆஸ்பத்திரி அறிக்கை உங்ககிட்ட இருக்கா அங்கிள்?” என்றாள்.

“இருக்கு. இதயத் தசை பிறவியிலேயே தடிச்சிருந்ததுன்னு முதல் பக்கத்துல போட்டிருக்கு.”

“ரெண்டாவது பக்கம்?”

மருந்துச் சீட்டில் ஒரு புள்ளியைக்கூட விடாமல் படிக்கிறவர், அறிக்கையின் இரண்டாவது பக்கத்தைத் திருப்பவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது. சொன்னார்.

சனிக்கிழமை காலை ஆஸ்பத்திரிக்கு ஐந்து பேராகப் போனார்கள். மனைவியிடம் வெள்ளிக்கிழமை மாலையே மாத்திரையைப் பற்றிச் சொல்லிவிட்டிருந்தார். அவள் கையிலிருந்த துணியை மடித்து வைத்தாள். பிறகு, “இதைத் தனியா வச்சுக்கிட்டா ஏழு வாரமா படுத்தீங்க?” என்று மட்டும் கேட்டாள். நானும் வருகிறேன் என்று கிளம்பிவிட்டாள். காத்திருக்கும் பெஞ்சில் நெட்டைக்கும் குருவிக்கும் நடுவில் உட்கார்ந்து, யார் யார் மகளின் ரொட்டியைத் தின்றது என்று விசாரித்துக்கொண்டிருந்தாள்.

இதய மருத்துவர் இளவயதுக்காரி. ஐந்து பேரைப் பார்த்ததும் முகம் சுளித்தார். “ஒருத்தர் வந்தா போதுமே.”

“நாங்க அவளோட படிச்சவங்க டாக்டர்” என்றான் தாத்தா. “கேள்வி நாலு இருக்கு.”

மருந்துக்கடைக்காரர் முதலில் தன்னுடையதைக் கேட்டார். மருத்துவர் மாத்திரையின் பெயரைக் கேட்டார். “அதுல மூக்கடைப்புக்கான மருந்து சேந்திருக்குமா? சிலதுல சேத்திருப்பாங்க.”

“இல்ல டாக்டர். வெறும் ஒழுகுறதை நிறுத்துறது. பழைய மாத்திரை.”

“அரைதானே? அப்போ இல்ல. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல.”

“எனக்குப் புரியல” என்றாள் குருவி.

மருத்துவர் நிமிர்ந்து பார்த்தார். மருந்துக்கடைக்காரரின் மனைவி குருவியின் கையை அழுத்தினாள். நிறுத்தச் சொல்கிறாளா, விடாதே என்கிறாளா என்று தெரியவில்லை. மருத்துவர் இன்னொரு தடவை சொன்னார். நெட்டை ‘புரியல’ என்றாள். மருத்துவர் பேனாவை டொக்கென்று வைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, ஒரு வெள்ளைத்தாளை இழுத்து ஒரு இதயத்தை வரைந்தார். சுவர் இவ்வளவு இருக்க வேண்டும், இவளுக்கு இவ்வளவு இருந்தது. மின்சாரம் மாதிரி ஒரு துடிப்பு இதன் வழியாகப் போக வேண்டும், தடித்த சதையில் அது வழி தவறும். ஓடும்போது தவறலாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் தவறலாம்.

“அன்னைக்கு ரெண்டு ரெண்டு படியா ஏறினா” என்றாள் குருவி.

“ஏறும்போது நடந்தது. அதை நான் இல்லைன்னு சொல்லமாட்டேன். ஆனா அவ பஸ்ஸுக்கு ஓடியிருக்கா, விளையாடியிருக்கா, வீட்டு மாடி ஏறியிருக்கா. எத்தனை ஆயிரம் தடவை? அதுல எந்தத் தடவை வேணும்னாலும் ஆகியிருக்கும். நீ கூப்பிட்டதால ஆகல.”

“தூக்கம்? சாப்பாடு? அதிகமா படிச்சது?”

“இல்ல. இல்ல. இல்ல.”

“முன்னாடியே தெரிஞ்சிருந்தா?” இதைக் கேட்டது தாத்தா.

மருத்துவர் தான் வரைந்த படத்தைப் பார்த்தார். “தெரிஞ்சிருந்தா ஒருவேளை ஏதாவது செஞ்சிருக்கலாம். ஒருவேளை. தெரியுறதுக்கு யாருக்கும் ஒரு காரணமும் இல்ல. அவளுக்கு ஒரு நாள்கூட நெஞ்சு வலிக்கல.” பிறகு மருந்துக்கடைக்காரரையும் மனைவியையும் பார்த்து, “இது பரம்பரையா வரக்கூடியது, நீங்க ரெண்டு பேரும் ஒரு தடவை பரிசோதனை பண்ணிக்கணும்னு ரெண்டாம் பக்கத்துல எழுதியிருந்தேனே, ஏன் வரல?” என்றார். பரிசோதனையை அன்றைக்கே செய்தார்கள். இருவருக்கும் ஒன்றும் இல்லை.

‘ஒருவேளை’ என்ற வார்த்தையை உடைக்க முடியாது என்று அவருக்குப் புரிந்தது. அது அப்படியே கிடக்கும். வெளியே வந்ததும் குருவி ஆஸ்பத்திரித் தோட்டத்துக் கட்டைச் சுவரில் உட்கார்ந்து ஏங்கி ஏங்கி அழுதாள். அவர் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, “அழுடி. சிந்திட்டு, அப்புறம் அடுத்தது” என்றாள். அதை அவளிடம் யார் சொன்னார்கள் என்று அவர் கேட்கவில்லை. அது மகள் வீட்டிலும் சொல்கிற வார்த்தையாக இருக்க வேண்டும். அவர் கடையிலேயே கிடந்ததால் காதில் விழவில்லை.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு மெத்தைக்கடைக்காரர் வந்தார். தாளை வாங்கிக் கடைசி வரைக்கும் பார்த்தார். எழுபத்து மூன்றாவது இடம் காலி.

“என்ன அண்ணே இது?”

மருந்துக்கடைக்காரர் எல்லாவற்றையும் சொன்னார். மாத்திரையையும் சேர்த்துத்தான். அறையைப் பூட்டினால், அந்த மூன்று பேரும் பூட்டை மூன்றாவது வரிக்கான தீர்ப்பு என்று எடுத்துக்கொள்வார்கள், ஆயுள் முழுக்க அந்தப் படியில்தான் நிற்பார்கள் என்றும் சொன்னார். இடையில் இருமல் மருந்துக்கு ஒருவர் வந்தார், உதவிக்கு இருக்கிற அம்மாள் எடுத்துக்கொடுத்ததை அவர் படித்துப் பார்த்துக் கொடுத்துவிட்டுத் தொடர்ந்தார். மெத்தைக்கடைக்காரர் முக்காலியில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டே கேட்டார்.

“அப்போ யார் மேலதான் அண்ணே கோபப்படுறது?”

“அதான் கஷ்டமா இருக்கு தம்பி. ஏழு வாரம் அவங்க மேல கோபப்பட்டேன். நல்லா சாப்பிட்டேன், நல்லா தூங்கினேன். இப்போ ரெண்டும் இல்ல.”

“என் பொண்ணு அழுதது? அதுவும் பொய்யா?”

“அது நிஜம். அதுக்கு அவங்கதான் காரணம். அதை மட்டும் எழுதிக் கொண்டுவாங்க, முதல் கையெழுத்து நான் போடுறேன். என் பொண்ணு செத்ததை அதுல சேக்காதீங்க.”

“அதை எடுத்துட்டா இதுல என்ன அண்ணே மிச்சம்? மத்த எழுபத்திரண்டு பேரும் அந்த மூணாவது வரிக்குத்தான் போட்டாங்க.”

“அப்போ அவங்களுக்கே தெரிஞ்சிருக்கு, மத்த ரெண்டும் பத்தாதுன்னு.”

மெத்தைக்கடைக்காரர் தாளை மடித்தார். இரண்டாக மடித்து, நான்காக மடித்து, எட்டாக மடிக்கப் பார்த்து விட்டுவிட்டார். “நாலு நாள் போட்டுக் கிழிச்சாங்க. எதுக்குன்னுதான் எனக்குப் புரியல.”

“விடை ரொம்ப நல்லா இருந்துச்சாம். மட்டமா இருந்தா பத்து நிமிஷத்துல விட்டிருப்பாங்களாம்.”

“யாரு? என் பொண்ணோட விடையா?”

“ஆமா.”

“நல்லா இருந்துச்சுன்னா சொன்னாங்க?”

“குருவின்னு ஒரு பொண்ணு. கண்ணு மின்னிச்சு சொல்லும்போது.”

மெத்தைக்கடைக்காரர் மடித்த தாளை முழங்கால்மேல் வைத்தார். “அதை அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல அந்தப் பசங்க? எட்டு மாசமா புத்தகத்தைத் தொடவே பயப்படுறா.”

“சொல்லணும்னு அவங்களுக்குத் தெரியல தம்பி. அவங்களுக்குத் தெரியாத பாடம் அது ஒண்ணுதான்.”

“எந்தக் கேள்விக்கு? என்ன விடை?”

“தெரியலையே. நான் கேக்கல.”

“கேட்டிருக்கலாம்ல அண்ணே!” என்று மெத்தைக்கடைக்காரர் சலித்துக்கொண்டார். எழுந்து, முக்காலியை ஓரமாக நகர்த்தி வைத்தார். தாளைச் சட்டைப்பையில் திரும்பச் செருகினார். கிழிக்கவில்லை. சங்கக் கூட்டத்தில் அதை நீட்டுவாரா மாட்டாரா என்று மருந்துக்கடைக்காரருக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

வாசல்வரை போய் அவரைப் பார்த்தார். மெத்தைக்கடைக்காரர் தன் கடை ஷட்டரைப் பாதி இறக்கினார். உள்ளே இருந்த ஆளிடம் குனிந்து ஏதோ சொன்னார். பிறகு, பள்ளிக்கூடம் இருக்கும் பக்கமாக வேகமாக நடக்கத் தொடங்கினார்.